கடந்தாச்சு

செப்டம்பர் 9, புதன்

காலையில் குடிநீர் அறிவிப்பு. மதியம் தெருநாய் ஊசி அறிவிப்பு. நடுவில் தொண்டைக்கு ஒரு டீ. பதினெட்டு வருஷமாக நகராட்சி மைக்கில் பேசுகிறேன். பதினான்கு தெருக்களின் கம்பங்களில் என் குரல் தொங்குகிறது. ஊருக்கு நான் மைக்கம்மா. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே எனக்கு நேரமாகிறது.

போன வெள்ளிக்கிழமை கடலிலிருந்து ஒரு காற்று தூண் மாதிரி சுழன்றுகொண்டே கரையேறி வந்தது. எங்கள் வீட்டை விட்டுவிட்டு எதிர்வீட்டுத் தகரக் கூரையை முழுசாக உரித்துப் போட்டது. நடுவில் இருந்தது பன்னிரண்டடி அகலத் தெரு. எங்கள் கொடியில் காய்ந்த துண்டுகூட விழவில்லை. தம்பி வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டே வேடிக்கை பார்த்தானாம்.

"நமக்கு எழுதலக்கா" என்கிறான். எழுதலயாம். யார் எழுதுகிறார்கள், எந்தப் பேனாவில் என்று கேட்டால் சிரிக்கிறான்.

கடல் சுவரை ஒட்டிய கடைசித் தெரு எங்களுடையது. படியிறங்கி நாற்பது தப்படி வைத்தால் சுவர், அதற்கப்பால் தண்ணீர். வீட்டில் நானும் அவனும்தான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவனுக்கு ஆனது, மூன்று வருஷத்தில் அவள் கிளம்பிப் போய்விட்டாள். "உங்க அக்கா வீட்டுலயும் மைக்லயே பேசறாங்க" என்பது அவள் சொன்ன காரணங்களில் ஒன்று. அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

செப்டம்பர் 21, திங்கள்

வரவில்லை.

மூன்று நாள் கத்தினேன். "கடலோரத் தெருக்களில் வசிப்போர் உடனடியாக மேட்டுப் பள்ளிக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." பள்ளியில் ஆயிரத்து இருநூறு பேர் தங்கலாம். முந்நூற்றுப் பத்துப் பேர் வந்தார்கள். நேற்று மாலை புயல் வடக்கே திரும்பி, எழுபது கிலோமீட்டர் தள்ளி வேறு யாருடைய ஊரிலோ போய்க் கரையேறியது. நான்தான் படித்தேன்: "புயல் கரையைக் கடந்தது." பள்ளியில் கைதட்டினார்கள், பாயைச் சுருட்டினார்கள், கிளம்பிவிட்டார்கள். அந்த நேரத்தில் அந்த இன்னொரு ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று நானும் யோசிக்கவில்லை. பதினெட்டு வருஷமாக எங்களுக்கு அந்த வாக்கியம் என்றால் வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம்.

தம்பி வரவே இல்லை. ஐஸ் ஃபேக்டரியில் கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. கரண்ட் போனால் அமோனியா குழாயில் அழுத்தம் ஏறும், யாராவது வால்வு பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறான். முதலாளி இருக்கச் சொன்னாரா என்றால் இல்லை. அவரே மூட்டையைக் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டார். இவனுக்கு மட்டும் அந்த இரும்பு மேல் அப்படி ஒரு பாசம்.

செப்டம்பர் 22, செவ்வாய்

அலுவலகத்துக்குக் கீழே கடை வைத்திருக்கும் தையற்காரர் கேட்டார்: "மைக்கம்மா, நாளைக்கு நிறைய துணி காயப்போடணும். புயல் வருதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன், நல்லா வெயிலடிக்கும்."

அக்டோபர் 8, வியாழன்

இரண்டாவதும் வரவில்லை. கரைக்கு இருநூறு கிலோமீட்டர் இருக்கும்போதே வலுவிழந்து, மழையாகக்கூட இல்லாமல், வெறும் மேகமாகப் போய்விட்டது. பள்ளிக்கு வந்தவர்கள் தொண்ணூற்று ஒருவர். அதிலும் பாதிப் பேர் ரொட்டி கொடுப்பார்கள் என்று வந்தவர்கள்.

ஆணையர் கூப்பிட்டார். ஜனங்கள் வராததற்கு என் தமிழ்தான் காரணமாம். "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்னா யாரும்மா கேட்டுக்கறது? வீட்டுல பேசற மாதிரி சொல்லுங்க. மைக்கோட நிறுத்தாம எல்லார் போனுக்கும் செய்தி அனுப்புங்க." இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு செய்திக்கு எழுபது எழுத்துதான். கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகுமாம். அப்படியானால் தமிழில் 'போ' என்பதற்கே இரண்டு எழுத்து. எழுபதைத் தாண்டினால் செய்தி இரண்டாக உடைந்து, பின்பாதி முன்னால் போய்ச் சேரும். ஆகவே இனி எல்லாம் குட்டிக் குட்டி வாக்கியங்கள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் எதற்கு என்றால், அவர் சொன்னது சரி என்று தோன்றியதால்.

அக்டோபர் 13, செவ்வாய்

முன்கூட்டியே செய்திகளை எழுதி, எண் போட்டு, கணினியில் ஏற்றிவைக்க வேண்டும். நேரம் வரும்போது எண்ணை அழுத்தினால் போதும். எழுதியதைத் தையற்காரரிடம் படித்துக் காட்டினேன். ஊரில் அவருக்குப் புரிந்தால் எல்லோருக்கும் புரியும். பிள்ளை குட்டி இல்லாத மனிதர், கடைதான் பிள்ளை என்பார், மேல்மாடியிலிருந்து நான் பேசும் எல்லாவற்றையும் தைத்துக்கொண்டே கேட்டிருக்கிறார்.

கையில் கத்தரிக்கோலோடுதான் உட்கார்ந்தார். "பாதுகாப்பான இடம்னு எதுக்கு? பள்ளிக்கூடம்னு சொல்லுங்க." வெட்டினேன். "விரைந்து எதுக்கு? இப்பவேன்னு போடுங்க." வெட்டினேன். ஐந்தாவது: 'புயல் கரையைக் கடந்தது.' சிரித்தார். "கரையை எதுக்கு மைக்கம்மா? புயல் வேற எதைக் கடக்கும், ரோட்டையா? கடந்தாச்சுன்னா கடந்தாச்சு." நானும் சிரித்தேன். வெட்டினேன்.

5. புயல் கடந்தாச்சு.

பதினெட்டு வருஷத்தில் நான் எழுதிய மிகச் சின்ன அறிவிப்பு. பெருமையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 14, புதன்

ஆறாவதாக ஒன்று சேர்த்தேன்: 'சொல்ற வரைக்கும் யாரும் வெளியே போகாதீங்க.' எதற்கு, ஐந்தோடு முடிந்ததுதானே என்றார் ஆணையர். இருக்கட்டும் சார் என்றேன். ஏன் சேர்த்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வாய்ப்பழக்கம்.

அக்டோபர் 29, வியாழன்

மூன்றாவது. தாழ்வு நிலை. வரைபடத்தில் அம்பு நேராக எங்கள் ஊரைப் பார்க்கிறது. போன இரண்டு முறையும் அப்படித்தான் பார்த்தது.

தெருவில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானே எனக்கு நம்பிக்கை இல்லாமல்தான் படித்தேன் என்று இங்கே எழுதிக்கொள்கிறேன். வேறு எங்கே எழுதுவது?

நவம்பர் 1, ஞாயிறு

புதுச் செய்திகள் வேலை செய்கின்றன. மத்தியானத்துக்குள் எழுநூறு பேர் பள்ளிக்கு வந்துவிட்டார்கள். தையற்காரரும் அவர் மனைவியும் முதல் ஆட்கள். "நம்ம எழுதினதுக்கு நம்மளே மரியாதை கொடுக்கலன்னா எப்படி?" என்று பாயைத் தூக்கிக்கொண்டு ஏறினார்.

தம்பி வழக்கம்போல ஃபேக்டரிக்குக் கிளம்பினான். வாசலில் மறித்தேன். எப்போதும் சொல்வதையே சொன்னேன், அவன் எப்போதும் சொல்வதையே சொன்னான். பிறகு என்ன நினைத்தேனோ, படியில் உட்கார்ந்துவிட்டேன். மைக் குரல் வரவில்லை. சொந்தக் குரல்தான் வந்தது, அதுவும் பாதி.

"எனக்காக ஒரு தடவை வாடா. நீ அங்க இருக்கன்னா எனக்கு மைக்ல நாக்கே புரள மாட்டேங்குது."

நான் இப்படிக் கேட்டு அவன் பார்த்ததில்லை.

"சரி. ஆனா நீ சொல்ற வரைக்கும்தான். முடிஞ்சுதுன்னு நீ சொன்ன அடுத்த நிமிஷம் மெஷினைப் பார்க்கப் போயிடுவேன்."

அவன் போனுக்கு நானே சார்ஜ் போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 2, திங்கள். காலை 11

அலுவலக மேல்மாடி. நான் மட்டும். ஆணையர் தலைமையகத்தில் மாட்டிக்கொண்டார். இந்த முறை திரும்பவில்லை. திரும்பவே இல்லை. காற்று நிலத்துப் பக்கமிருந்து கடலைப் பார்த்து அடிக்கிறது. ஒலிபெருக்கிக் கம்பங்கள் ஒன்பது மணிக்கே போயின. எதிர்க்கடைப் பெயர்ப்பலகை எங்கள் சுவரில் வந்து மோதியது. சத்தத்தில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. செய்தி மட்டும் போகிறது. தம்பி போன் பண்ணினான்: "பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன், போதுமா?"

போதும்டா.

மதியம் 2.05

நின்றது. அப்படியே நின்றுவிட்டது. காது அடைத்த மாதிரி இருக்கிறது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன்: ஒன்று ஐம்பதுக்குக் கரையைக் கடந்தது. ஐந்தை அனுப்பிவிட்டேன். ஆறு போய்க்கொண்டிருக்கிறது. வெயில்கூட அடிக்கிறது. தப்பித்தோம். பதினெட்டு வருஷமும் இந்த ஒரு

நவம்பர் 5, வியாழன்

தையற்காரர் கிடைத்தார். கடல் சுவருக்கு இந்தப் பக்கம், மணலுக்கு அடியில்.

தம்பி உயிரோடு இருக்கிறான்.

நவம்பர் 8, ஞாயிறு

எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு நானே வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

பேனாவை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். பள்ளிச் சரிவிலிருந்து நாலு பேர் இறங்கி வந்தார்கள். பிறகு பத்துப் பேர். பிறகு ஒரு கூட்டம், பாயும் பையுமாக. ஏன் வருகிறார்கள் இவர்கள் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன், யாரோ சொல்லி வருகிறார்கள் போல. திரும்பிக் கணினியைப் பார்த்தேன். ஐந்து: அனுப்பப்பட்டது. ஆறு: சுற்றிக்கொண்டே இருந்தது. காலைக் காற்றில் ஆட்டம் கண்ட செல்போன் கோபுரம் அதற்குள் சாய்ந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

அப்போதுதான் உறைத்தது. கரையைக் கடந்தது என்றால் புயலின் நடுப்பகுதி கரையேறியிருக்கிறது. நடுப்பகுதியில் காற்று இருக்காது. அது போகவில்லை, எங்கள் தலைக்கு மேல் நிற்கிறது. மீதிப் பாதி இனிமேல்தான் வரும், எதிர்த்திசையிலிருந்து, கடலைத் தூக்கிக்கொண்டு. இது எனக்குத் தெரியாதா? பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பரீட்சை எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் பதினெட்டு வருஷமும் அது அடுத்த ஊரைக் கடந்தது. நான் படித்தேன், இங்கே கைதட்டினார்கள். தெரிந்தது ஒரு பக்கம், பழகியது ஒரு பக்கம். விரல் பழகியதைத்தான் அழுத்தியது.

ஜன்னலைத் திறந்து கத்தினேன். தையற்காரர் கீழே கடைப் பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். அவர் வீடு எங்கள் தெருவில் நாலாவது. மனைவியைப் பள்ளியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் இருக்கும் பழைய தையல் மெஷினை மேலே தூக்கி வைக்க வந்தாராம். நிமிர்ந்தார். காதில் கைவைத்தார். போகாதீங்கண்ணே, போகாதீங்க, அது போகல, அது இன்னும் போகல என்று அடித்தொண்டையில் கத்துகிறேன். அவர் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். ஊருக்கே சொல்லும் குரல் எனக்கு. ஒரு மாடி உயரத்துக்குப் போய்ச் சேரவில்லை. இல்லை, சேர்ந்ததா? சேர்ந்தும், நான் சந்தோஷத்தில் கத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டாரா?

படியில் இறங்கி ஓடினேன். தெருமுனை வரைக்கும்தான் ஓட முடிந்தது. சரிவில் இறங்கியவர்களில் பாதிப் பேரை அங்கேயே மறித்துத் திருப்பினேன். கையைப் பிடித்து இழுத்தேன், ஒரு அம்மாவைக் கன்னத்தில் அறைந்தேன். அவர்கள் ஏறினார்கள். தம்பி அந்தக் கூட்டத்தில் இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லை. பின்வழியாக ஃபேக்டரிக்குப் போயிருந்தான். இரண்டு நாற்பதுக்குக் காற்று கடலிலிருந்து வந்தது.

ஃபேக்டரிக் கூரை குழாய் மேல் விழுந்து அமோனியா கசிந்திருக்கிறது. ஈரச் சட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு, ஐஸ் தொட்டிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகப் படுத்தே கிடந்திருக்கிறான், மறுநாள் காலை வரைக்கும். தூக்கி வந்தபோது கண் இரண்டும் வீங்கி மூடியிருந்தன. என் குரலைக் கேட்டதும் கையைத் தேடினான்.

நவம்பர் 19, வியாழன்

கண் திரும்பிவிட்டது. நுரையீரல் திரும்பாது என்கிறார் மருத்துவர். மாடிப்படி ஏறக்கூடாது, குளிர்க்காற்று கூடாது, ஐஸ் ஃபேக்டரி பக்கமே போகக்கூடாது. அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். "அப்ப லிஃப்ட் இருக்கற ஆபீஸ்ல மேனேஜர் வேலை பார்க்கறேன் டாக்டர்" என்றான். சிரித்ததில் இருமல் வந்து, அரைமணி நேரம் நிற்கவில்லை.

அவன் தூங்கும்போது போனை எடுத்துப் பார்த்தேன். செய்தியைத் திறந்து படித்திருக்கிறான். எனக்கு ஒரு பதிலும் அடித்திருக்கிறான். கோபுரம் இல்லாததால் அது போகவில்லை.

'சரிக்கா, கிளம்பறேன்.'

டிசம்பர் 3, வியாழன்

விசாரணைக் குழு. மூன்று பேர், மூன்று கோப்புகள், ஒரு தட்டில் பிஸ்கட். முகாமை விட்டு ஜனங்கள் ஏன் வெளியே போனார்கள் என்பதுதான் கேள்வி. ஒருவர் செய்தி வந்தது என்றார். ஒருவர் வெயில் வந்தது என்றார். ஒருவர் எல்லோரும் போனார்கள், நானும் போனேன் என்றார். தம்பியைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனேன். அதிகம் அடிபட்டவன் அவன்தான் என்பதால் அவன் சொல்லுக்கு எடை அதிகம்.

செய்தியைப் பார்த்துத்தான் போனீர்களா என்று கேட்டார்கள்.

"இல்ல சார். காலையிலேயே போன் செத்துப்போச்சு. நான் மெஷினைப் பார்க்கணும்னு நானாத்தான் போனேன். யாரும் சொல்லல."

நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். என் பக்கம் அவன் திரும்பவே இல்லை. எழுதிக்கொண்டார்கள். அதற்கு முன் எப்போதும் அவன் எனக்காகப் பொய் சொன்னதில்லை. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை நான் உடைத்தால் அம்மாவிடம் அக்காதான் என்று ஓடிப்போய்ச் சொல்கிறவன்.

நானும் வாயைத் திறக்கவில்லை. பதினெட்டு வருஷம் பேசியே சம்பாதித்த வாய்.

டிசம்பர் 11, வெள்ளி

அறிக்கை வந்தது. நான்தான் தட்டச்சு செய்து பலகையில் ஒட்டினேன். 'ஐந்தாம் எண் செய்தி வானிலைத் துறையின் கலைச்சொல்லுக்கு ஏற்பச் சரியானதே. சிலர் தம் உடைமைகளின் மீதுள்ள பற்றினால் எச்சரிக்கையை மீறித் தாமாகவே வெளியேறினர். உயிரிழந்த தையல் தொழிலாளியும் அவர்களுள் ஒருவர்.'

தாமாகவே.

டிசம்பர் 15, செவ்வாய்

இருக்க முடியவில்லை. தையற்காரர் மனைவியைப் பார்க்கப் போனேன். கடையைத் திறந்து உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்குத் தைக்கத் தெரியாது. பொத்தான் மட்டும் வைத்துக்கொடுக்கிறாராம்.

எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி சொன்னது பொய், போனில் பதில் இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் மீறிப் போகவில்லை, நான் சொல்லித்தான் போனார் என்று. திட்டுவார், அடிப்பார், ஊரைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். வேண்டிக்கொண்டுதான் போனேன் என்று சொல்ல வேண்டும்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார். கோத்து முடித்த பிறகு சொன்னார்:

"அந்த வார்த்தையை வெட்டச் சொன்னதே அவர்தானேம்மா. அன்னிக்கு வீட்டுக்கு வந்து ஒரே பெருமை. நகராட்சிக்கே நான்தான் தமிழ் தைச்சுக் கொடுத்தேன்னு."

மடியிலிருந்த சட்டையில் பொத்தானை வைத்துத் தைக்கத் தொடங்கினார். நானும் உட்கார்ந்திருந்தேன். ஒருவர் சட்டையோடு வந்தார், பொத்தான் வைத்துக்கொண்டு போனார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஜனவரி 11, திங்கள்

நடந்ததை எல்லாம் கடிதமாக எழுதி ஆணையரிடம் கொடுத்தேன். தம்பியின் போனையும் கூடவே வைத்தேன். ஆணையர் கடைசி வரி வரைக்கும் படித்தார். கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சொன்ன வார்த்தையில தப்பு ஒண்ணும் இல்லையேம்மா. அறிக்கையும் மேல போயிடுச்சு. உங்க தம்பி பொய் சொன்னார்னு ஆச்சுன்னா அவருக்கு வர்ற உதவியும் நின்னுபோகும். கடந்ததைப் பத்திப் பேசி என்ன ஆகப்போகுது?"

என்ன சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அப்படியே எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் சொன்னேன். என் மேல் அவன் இதுவரை கோபப்பட்டதே இல்லை, இன்றைக்குப் பட்டான். மூச்சு வாங்கி வாங்கிப் பேசினான். "நான் ஒரே ஒரு பொய் சொன்னேன்க்கா, வாழ்க்கையில. அதையும் வீணாக்கப் பார்த்த." பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஒருவேளை நான் தையற்காரர் மனைவிக்காகப் போகவில்லையோ? யாராவது என்னை நாலு வார்த்தை கேட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வரும் என்று போனேனோ? அப்படியும் இருக்கலாம்.

பிப்ரவரி 2, செவ்வாய்

மைக்கில் பேச மாட்டேன், வேறு பிரிவுக்கு மாற்றுங்கள் என்று கேட்டேன். வேறு யாருக்கு உங்கள் குரல் வரும் என்கிறார்கள்.

மார்ச் 16, செவ்வாய்

வேறு ஊருக்குப் போய்விடலாமா என்று தம்பியிடம் கேட்டேன். "எந்த ஊருக்குக்கா? ஒவ்வொரு தடவையும் அது போச்சே, அந்த ஊருக்கா?" என்றான்.

ஏப்ரல் 27, செவ்வாய்

ஐஸ் ஃபேக்டரி மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது. சத்தம் வீடு வரை கேட்கிறது. கம்ப்ரஸரில் ஏதோ இடிக்கிறது, பேரிங்கா இருக்கும் என்று படுத்தபடியே சொன்னான். போய்ச் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம், கேட்டுக்கொண்டு இருக்கிறேன் என்றான்.

மே 19, புதன்

மறுபடியும். அம்பு நேராக எங்களைப் பார்க்கிறது.

ஒரே ஒரு முறைதான் சொன்னேன். மதியத்துக்குள் பள்ளி நிரம்பிவிட்டது. ஆயிரத்து இருநூறு பேர் தங்கும் இடத்தில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். வராந்தா, மாடிப்படி, ஆய்வுக்கூடம் எங்கும் ஜனம். போன வருஷம் இதற்காகத்தான் கெஞ்சினேன். தம்பி மூச்சிழுக்கும் மருந்தோடு முதல் வகுப்பறையில், சுவரோரம். தையற்காரர் மனைவி அவனுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார். இருவரும் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் நிறுத்திவிட்டார்கள்.

மே 21, வெள்ளி

விலகிவிட்டது. நேற்று மாலையே திரும்பி, ஆழ்கடலில் கரைந்து போய்விட்டது. கட்டுப்பாட்டு அறைக்கு மூன்று முறை போன் செய்து கேட்டேன். கரையைத் தொட்டதா? இல்லை. நடுப்பகுதி எங்கே? இல்லவே இல்லையம்மா, வானம் காலி என்றார்கள்.

காலை எட்டு மணிக்குப் பள்ளி முற்றத்தில் கையில் மைக்கோடு நின்றேன். வீட்டில் பேசுகிற மாதிரியும் இல்லாமல், அலுவலகத் தமிழும் இல்லாமல், பதினைந்து முறை யோசித்து எழுதிய நாலு வரி. புயல் இங்கே வரவில்லை. வேறு எங்கும் கரையேறவும் இல்லை. இனிக் காற்று இருக்காது. எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

திரும்பவும் சொன்னேன். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர் என்னைப் பார்த்தார்கள். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு குழந்தை எழுந்தது, அதன் அம்மா கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஆணையர் வந்து சொன்னார். வெயிலைக் காட்டினார், வானத்தைக் காட்டினார். அன்றைக்கும் வெயில் அடித்தது என்று யாரோ ஒருவர் சொன்னார். ஆணையர் காட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

பத்து மணிக்குத் தம்பியிடம் போனேன். பக்கத்தில் மண்டியிட்டு, அன்று வாசலில் வந்த அதே குரலில் கேட்டேன். "வாடா, வீட்டுக்குப் போவோம். நீ எழுந்தா எல்லாரும் எழுந்திருப்பாங்க."

அவன் என் முகத்தையே பார்த்தான். நான் சொல்வதைக் கேட்க அவன் நிஜமாகவே முயற்சி செய்ததைப் பார்த்தேன். காலை மடக்கினான். பிறகு நீட்டிக்கொண்டான்.

"நீ போக்கா. நான் இருக்கேன்."

தையற்காரர் மனைவி தலையைக் குனிந்துகொண்டார்.

தனியாகச் சரிவில் இறங்கினேன். எல்லோரும் பார்க்கட்டும் என்று நடுரோட்டில் மெதுவாக நடந்தேன். எங்கள் தெருவுக்கு வந்து, வீட்டைத் திறந்து, கதவையும் ஜன்னல்களையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, பள்ளியிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி வாசற்படியில் உட்கார்ந்தேன். கடல் சும்மா கிடந்தது. காற்றே இல்லை. மூன்று மணி ஆனது. ஐந்து ஆனது. தெருவில் ஒரு கதவும் திறக்கவில்லை.

இப்போது ஆறு மணி. இன்னும் வெளிச்சம் இருக்கிறது. அவனுக்குச் சாயங்கால மருந்து கொடுக்கும் நேரம். எடுத்துக்கொண்டு மேலே ஏற வேண்டும்.